கரிசலில் மறையாத காக்கி

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கம்போல வாய்த்துடுக்கு, மற்றபடி சுகம்தான். ஆனால் நீ சென்னைக்குப் பயிற்சிக்குப் போன நாளிலிருந்து இந்த வீட்டில் நீ கேட்டுவிட்டுப் போன கேள்வி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. "எங்க அப்பா சட்டை ஒண்ணை நான் எடுத்துட்டுப் போனா உங்களுக்கு என்ன குறைஞ்சிரும்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை, கத்தினேன். உன் பெட்டியில் நீ மடித்து வைத்திருந்த என் பழைய காக்கிச் சட்டையைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்தேன். ரயில் நிலையத்துக்கும் வரவில்லை. உதவி ஆய்வாளர் வேலைக்குத் தேர்வான பிள்ளையைத் தெருவே திரண்டு வழியனுப்பும்போது, பெற்ற அப்பன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அந்தத் தொட்டியை முந்தின நாள்தான் கழுவியிருந்தேன்.

இப்போது பயிற்சி முடிந்து அணிவகுப்பு என்று அழைப்பு அனுப்பியிருக்கிறாய். கூடவே ஒரு வரி: "வர இஷ்டம் இல்லைன்னா சொல்லிருங்க, எதிர்பார்க்க மாட்டேன்." அந்த வரியை உன் அம்மா எனக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினாள், மூன்றாவது தடவை ராகம் போட்டு. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் போலீஸ் வேலை என்று அப்பா நினைக்கிறார் என அவளிடம் சொன்னாயாம். அப்படியெல்லாம் ஒரு எழவும் இல்லை. உன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. காரணம் அந்தச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில் என்னால் ஓர் உயிர் போனது. நீயும் காக்கி உடுத்தப் போகிறாய் என்பதால், நீ உடுத்துவதற்கு முன்னால் அதைச் சொல்லியாக வேண்டும். இந்த உறையை நான் ஒட்டவில்லை. உன்கூட இருக்கும் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும். இருபத்தைந்து வருஷம் மூடி வைத்த சங்கதியை மறுபடியும் மூடி அனுப்ப எனக்கு மனசில்லை.

முதலில் காக்கி என்ற சொல்லிலிருந்து வருகிறேன். நேராக விஷயத்துக்கு வரத் தைரியம் போதவில்லை, அதுதான் நிஜம். நான் தீயணைப்பு வேலையில் சேர்ந்த புதிதில் கடைத்தெருவில் ஒரு பாய் துணிக்கடை வைத்திருந்தார். நம் ஊர்ப் பாய்மார் பலரும் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், இவர் வீட்டில் உருது. காக்கித் துணி எடுக்கப் போனால் துணியைக் கிழிக்கும் முன்னால் வாயைக் கிளறாமல் விடமாட்டார். "அண்ணாச்சி, காக்கின்னா என்ன?" என்றார் ஒரு நாள். "காக்கின்னா காக்கி. இது என்ன கேள்வி பாய்?" என்றேன். "எங்க வீட்டுப் பாஷையில காக்னா மண்ணு, தூசி. பாரசீகத்துச் சொல்லு. காக்கின்னா மண்ணோட நெறம்" என்றார். பிறகு முழக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மலக்குகளை, அதான் வானவர்களை, அல்லா ஒளியில படைச்சான், அவிய நூரி. ஜின்னை நெருப்புல படைச்சான், அது நாரி. மனுசனை மண்ணுல படைச்சான், அதனால மனுசன் காக்கி. நீங்க நெருப்பை அணைக்கப் போறதுக்கு மண்ணை உடுத்திட்டுப் போறிய. பொருத்தம்தான்."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "கடைக்கு வெளியே குனிஞ்சு பாருங்க பாய், இதுவா மண்ணு நெறம்? நம்ம மண்ணு கறுப்புல்லா?" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அது வேறு ஊர் மண் என்றார். எங்கோ வடமேற்கு எல்லையில் வெள்ளை உடுப்புப் போட்ட சிப்பாய்கள் தூரத்திலிருந்தே கண்ணில் பட்டுக் குண்டடிபட்டதால், துணியைச் சேற்றுத் தண்ணீரிலும் தேயிலைச் சாற்றிலும் முக்கி அந்த மலையின் புழுதி நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள், ஆளை மறைக்க வந்த நிறம் அது என்று அவர் தாத்தா சொல்வாராம். "நல்லா மறைக்கும் போங்க. நம்ம கரிசல்ல இதைப் போட்டுட்டு நின்னா ஒரு மைலுக்கு அங்கன இருந்தே தெரியும்" என்று நானும் சிரித்தேன். அதைச் சொல்லிச் சிரித்தவன் நான்தான் பாப்பா. நான் அறியாத விஷயம் இல்லை அது.

கயத்தாற்றில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு ஏழு வயது. திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வேனில் திரும்பும்போது, லாரிகள் நிற்கும் இடத்தில் டீக்கு நிறுத்தினார்கள். நீ ஒரு நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டு, பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்த ஒரு லாரியின் சக்கரத்துப் பக்கம் போய்விட்டாய். நான் இருபது எட்டுத் தள்ளி, கையில் டீயோடு நிற்கிறேன். எல்லாம் தெரிகிறது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் குவளையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் உன்னைத் தூக்கினார். உன் அம்மா அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்திய? ஏட்டின்னு ஒரு சத்தம் போடக் கூடாதா?" என்று கேட்டாள். இன்றைக்கும் சண்டை வந்தால் கயத்தாற்றில்தான் வந்து முடியும். நீயும் சின்ன வயதில் குறை சொல்வாய், மற்ற பிள்ளைகளை அவரவர் அப்பா தெருமுனையிலிருந்து கூப்பிடுகிறார், நம் அப்பா மட்டும் பூனை மாதிரி பின்னால் வந்து தோளைத் தொடுகிறார் என்று. யோசித்துப் பார். இந்தச் சீமையில் ஏலே, ஏட்டி என்று கூப்பிடாத அப்பன் உண்டா? என் வாயிலிருந்து அந்தச் சொல்லை நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாயா? கேட்டிருக்க மாட்டாய். கடைசியாக நான் அதைச் சொல்லிக் கூப்பிட்டபோது நீ பிறந்து மூன்று மாதம்.

கார்த்திகை மாதம். ஓட்டப்பிடாரம் போகிற வழியில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். ஓடைக்கரைப் பாதை யாருக்கு என்று அங்கே இரண்டு தெருக்காரர்களுக்குள் அடிதடியாகி, ஒருவருக்கு மண்டை உடைந்திருந்தது. போலீஸ் பட்டியலோடு வந்து ஆள் பிடித்துக்கொண்டிருந்தது. பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் மீசை முளைத்தவன் எல்லாம் காட்டுக்குள் கிடந்தான். அந்த நேரத்தில் வெள்ளத்தாய் என்கிற அம்மாவின் சினைமாடு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. அவள்தான் கடைக்கு ஓடி எங்களுக்குப் போன் போடச் சொன்னாள். ஐந்து பேர் போனோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நனைந்த கரிசலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நாலு எட்டு வைத்தால் காலில் ஆளுக்கு அரைமரக்கால் மண் சேரும். சிவப்பு வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, வழுக்காமல் ஊன்றிக்கொள்ள ஆளுக்கொரு மூங்கில் கம்போடு நடந்தோம். எங்களைத் தீயணைப்புக்காரர்கள் என்று காட்டக்கூடிய ஒன்றே ஒன்று அந்த வண்டிதான். அதை ரோட்டில் விட்டுவிட்டோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

மாட்டின் வயிற்றுக்கடியில் பட்டை கட்டியாயிற்று, ஆனால் ஐந்து பேரால் மேலே இழுக்க முடியவில்லை. ஆம்பளைகளைக் கூப்பிடுங்க என்றார் எங்கள் நிலைய அதிகாரி. வெள்ளத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வடத்தைப் பிடித்தபடியே சொன்னாள், "ஆம்பளை எங்கய்யா இருக்கான் இந்த ஊர்ல? எல்லாரும் போலீசுக்குப் பயந்து ஒளிஞ்சு கெடக்காவ. நான் இழுக்கேன், நீங்க இழுங்க." நான் ஆள் தேடி வரப்பைத் தாண்டிப் போனேன். உளுந்தங்காட்டுக்கு அந்தப் பக்கம், ஆள் உயரச் சோளக்காட்டின் ஓரத்தில் ஒருத்தன் நிற்பது தெரிந்தது. மஞ்சள் சட்டை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சந்தோஷம். வடச்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பை உயர்த்தி ஆட்டினேன். "ஏலே தம்பி! இங்கன வாலே! ஒரு கை பிடிலே!" என்று கத்திக்கொண்டே அவனைப் பார்க்க நடந்தேன். எதிர்க்காற்று. அவன் காதில் ஏலே மட்டும்தான் விழுந்திருக்கும். சட்டென்று சோளத்துக்குள் பாய்ந்தான். கதிர் ஆடியதைப் பார்த்தே அவன் ஓடும் வேகம் தெரிந்தது. அந்த இடத்திலேயே நின்று நான் சிரித்தேன். வேலைக்குக் கூப்பிட்டா இந்த ஓட்டம் ஓடுதானே என்று வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பி வந்து, அங்கன ஒருத்தரும் இல்லை என்று சொல்லிவிட்டு வடத்தைப் பிடித்தேன். ஊர்ப் பொம்பளைகள் இன்னும் நாலு பேர் வந்தார்கள், எப்படியோ மாடு மேலே வந்தது. வெள்ளத்தாய் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தாள்.

அவன் பெயர் செண்பகராஜ். வெள்ளத்தாயின் ஒரே மகன். பட்டியலில் அவன் பெயரே இல்லை, அடிதடி நடந்த அன்று தீப்பெட்டி ஆபீசில் வேலையில் இருந்தானாம். அன்றைக்குக் காட்டு ஓரத்தில் வந்து நின்றது அவன் மாட்டைத் தேடித்தான் என்று இப்போது நினைக்கிறேன். இதை நான் மனசுக்குள் எத்தனை தடவை அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, தரையோடு தரையாக இருக்கும். அங்கிருந்து பார்ப்பவனுக்குக் கிணறும் தெரியாது, மாடும் தெரியாது. கறுத்த மண்ணுக்கு நடுவே அவன் அம்மா நிற்பதும், அவளைச் சுற்றிக் கம்பும் காக்கியுமாக நாலைந்து பேர் நிற்பதும் தெரியும். அதில் ஒருவன் கயிறோடு அவனைப் பார்த்து வருவது தெரியும்.

மறுநாள் காலையில் அதே ஊரிலிருந்து போன், ஆள் விழுந்திருக்கிறது என்று. சோளக்காட்டுக்குள் இன்னொரு சுவரில்லாத கிணறு இருந்தது. நான்தான் இறங்கினேன். வேண்டுமென்றே இறங்கினேன், வேறு யாரும் தண்ணீரில் தெரிந்த அந்தச் சட்டையைத் தொடக் கூடாது என்று ஏனோ தோன்றியது. மஞ்சள் சட்டை. முழங்கால் வரைக்கும் கரிசல் அப்பியிருந்தது, ஒரு ராத்திரி பூராவும் தண்ணீரில் கிடந்தும் விரலிடுக்கில் மண் போகவில்லை. தோளில் போட்டு மேலே கொண்டுவந்து கிடத்தினேன். வெள்ளத்தாய் அவன்மேல் விழுந்து அழுது ஓய்ந்து, எழுந்திருக்கும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மாட்டையும் தூக்கித் தந்திய, மகனையும் தூக்கித் தந்திய. உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும் சாமி" என்றாள். பாப்பா, நீ பரீட்சையில் தேறினாலும், காய்ச்சலில் விழுந்து எழுந்தாலும், இந்த வேலை கிடைத்தபோதும், எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வாழ்த்துதான். அது எனக்குச் சேர வேண்டிய வாழ்த்து இல்லை. உன்னைப் பார்த்துச் சந்தோஷப்படும்போதெல்லாம் திருடிய பொருளை அனுபவிப்பதுபோல இருந்தது.

அந்த இரண்டு நாளும் நான் போட்டிருந்த சட்டைதான் நீ எடுத்தது. தோள்பட்டையில் மங்கலாக ஒரு கறுப்பு இருக்கும், பார்த்திருப்பாய். உன் அம்மா எத்தனையோ சோப்புப் போட்டுப் பார்த்தாள். எனக்கு அதை எரிக்கவும் மனம் வரவில்லை, உடுத்தவும் மனம் வரவில்லை. அத்தனை சட்டையில் நீ போய் அதை எடுத்தாய், துணி மெத்தென்று இருக்கிறது என்று.

ஊரே மறியல் என்று ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. போலீஸ் விரட்டித்தான் பையன் செத்தான் என்றார்கள். அன்றைக்குத் தங்கள் ஆள் ஒருவரும் அந்த ஊர்ப்பக்கமே போகவில்லை என்று போலீஸ் சொன்னது, யார் நம்புவார்கள்? சோளக்காட்டு ஓரமாகக் காக்கியைப் பார்த்ததாக ஆடு மேய்த்த ஒருவர் சொல்லிவிட்டார். அவர் பார்த்தது பொய்யில்லை. கடைசியில் ஓர் ஏட்டையாவைத் தூக்கித் தொலைதூரத்துக்கு மாற்றினார்கள். மூட்டை கட்டும் முன்னால் அவரை டீக்கடையில் பார்த்தேன். "சத்தியமா நான் போகலை அண்ணாச்சி. எம் பிள்ளை மேல வேணும்னாலும் அடிச்சுச் சொல்லுதேன்" என்றார். எனக்கும் சேர்த்து அவரே டீ சொன்னார். நான் குடித்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய், நாளைக்கு உன் வேலையே அதுதானே. வேலை போய்விடும் என்று பயம். கைக்குழந்தையோடு உன் அம்மா வீட்டில் இருந்தாள். அதைவிடப் பெரிய காரணம் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டது வேறு. உண்மை தெரிந்தால் அந்த அம்மா என்ன நினைப்பாள்? மாட்டைக் காப்பாற்ற நான் போன் போடச் சொன்னேன், அதனால்தான் மகன் போனான் என்று நினைப்பாளே. போலீசை ஏசிக்கொண்டாவது உயிரோடு இருக்கட்டும் என்று விட்டேன். இதில் எத்தனை பங்கு இரக்கம், எத்தனை பங்கு கோழைத்தனம் என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கோழைத்தனம்தான் கூட இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு பகல் பூராவும் சும்மா இருந்தால் அந்தச் சோளக்காடு வந்துவிடும். நீ வாங்கித் தந்த போனில் காக்கி என்று போட்டுத் தேட ஆரம்பித்தேன். சிரிக்காதே. அந்தச் சொல்லின் தலையில் பழியைப் போட முடியுமா என்று பார்த்தேன் என்றுதான் வைத்துக்கொள். பாரசீகத்துத் தூசி, உருதுவுக்கு வந்து, பட்டாளத்தோடு ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து உலகம் சுற்றியிருக்கிறது. பிரெஞ்சுக்காரரிடம் காக்கி என்றால் இலைப்பச்சை கலந்த நிறமாம். அமெரிக்காவில் ஆபீசுக்குப் போட்டுப் போகும் வெளுத்த கால்சட்டைக்கே அதுதான் பெயராம். கிரேக்கத்தில் ஒருவன் காக்கியில் இருக்கிறான் என்றால் கட்டாயப் பட்டாளச் சேவையில் இருக்கிறான் என்று பொருளாம். தென் ஆப்பிரிக்காவில் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு சண்டை போட்ட விவசாயிகள் அந்தச் சிப்பாய்களைக் காக்கிகள் என்று ஏசியிருக்கிறார்கள். சண்டை முடிந்து பட்டாளம் போன பிறகும், அதன் குதிரைத் தீவனத்தோடு வந்து முளைத்த களைக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டதாம். நம் ஊரில் அரசாங்கத் தபால் வரும் உறையும் காக்கி, பையன்களின் பள்ளிக்கூட நிக்கரும் காக்கி, ஆட்டோக்காரர் சட்டையும் காக்கி. ஆனால் காக்கி வருது என்று யாராவது ஒரு சொல் சொன்னால், அது யார் என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை.

போகிற நாடெல்லாம் அந்தச் சொல் அங்கங்கே உள்ள மண்ணுக்கும் இலைக்கும் தகுந்தபடி நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. இந்தக் கரிசலுக்கு மட்டும் மாறவில்லை. மற்ற இடத்தில் அது ஆளை மறைக்கிறது, இங்கே ஆளைக் காட்டிக் கொடுக்கிறது. அதைப் போட்டிருக்கிறவன் முகம் தெரியும் முன்னால், அவன் வாயில் என்ன சொல்கிறான் என்று கேட்கும் முன்னால், சட்டை தெரிந்துவிடுகிறது. இதுதான் நான் கண்டுபிடித்தது. ஆனால் பழி சொல்லின் மேல் ஏறவில்லை, அது என்ன பாவம் செய்தது? கூப்பிட்டவன் நான். ஓடுகிறவன் ஏன் ஓடுகிறான் என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல் சிரித்தவன் நான். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டவனும் நான்.

உன் அழைப்பு வந்த மறுநாள், வெள்ளை வேட்டி சட்டை உடுத்திக்கொண்டு பஸ் ஏறினேன். உன் அம்மாவிடம் அன்று காலையில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாசல் வரை வந்து நின்றாள். கயத்தாற்றைப் பற்றி இனி பேசமாட்டாள் என்று நினைக்கிறேன்.

வெள்ளத்தாய் வீட்டு வாசலில் சாக்கை விரித்து, மிளகாய் வத்தலைக் குவித்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. நெற்றியில் கையை வைத்து என்னை அண்ணாந்து பார்த்து, "யாரு?" என்றாள். "மாடு விழுந்தன்னைக்குத் தீயணைப்புல இருந்து வந்தேம்மா" என்றேன். "மறுநாளும் வந்தவிய" என்றாள். உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் சட்டையைச் சொன்னேன், கம்பைச் சொன்னேன், கயிற்றைச் சொன்னேன், சிரித்ததையும் சொன்னேன். "போலீஸ் இல்லம்மா. நான்தான்" என்றேன். அவள் கை காம்பு கிள்ளிக்கொண்டேதான் இருந்தது. வத்தல் நெடி கண்ணைக் கரித்தது, அவள் கண்ணில் ஒன்றும் இல்லை. "நான் மாட்டுக்கு ஆள் சொல்லி விடாம இருந்திருந்தா…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். எதற்குப் பயந்து இத்தனை வருஷம் வாயைக் கட்டினேனோ அது என் கண்முன்னாலேயே நடந்தது.

பிறகு அவள் நிமிர்ந்து, "என்ன சொல்லிக் கூப்பிட்டிய?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்படி இல்ல. அன்னைக்கு எப்படிச் சத்தம் போட்டியளோ அப்படிச் சொல்லுங்க. அவன் காதுல கடைசியா விழுந்ததுல்லா, நான் கேக்கணும்." முதல் தடவை கயத்தாற்றில் நடந்த மாதிரியே ஆயிற்று, வெறும் காற்றுதான் வந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன். "ஏலே தம்பி! இங்கன வாலே! ஒரு கை பிடிலே!"

தெருக்கோடியில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு ஆள், கை ஈரத்தோடு ஓடி வந்தார். "என்ன அண்ணாச்சி, கூப்பிட்டியளா? எதைத் தூக்கணும்?" என்று கேட்டார்.

வெள்ளத்தாய் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் முகம் உடைந்தது. "அவன் காதுல நல்லா விழுந்திருந்தா வந்திருப்பான். கூப்பிட்டா வாற பிள்ளைல்லா அவன்" என்று சொல்லிச் சாக்குமேல் சாய்ந்து அழுதாள். நான் அந்த மண்ணில் உட்கார்ந்தேன். ஒன்றும் புரியாமல் நின்ற அந்த ஆள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அழுது முடித்த பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன். மகள் போலீசில் சேருகிறாள், அவளிடமும் சொல்லப் போகிறேன் என்றேன். "சொல்லுங்க. காட்டுக்குள்ள வந்தா முதல்ல, நான் இன்னாருன்னு தூரத்துல இருந்தே பேரைச் சொல்லச் சொல்லுங்க. பேரைக் கேட்டா யாரும் ஓட மாட்டாவ" என்றாள். நான் எழுந்து, போயிட்டு வாரேம்மா என்றேன். இந்தச் சீமையில் அதற்கு என்ன பதில் என்று உனக்குத் தெரியும், எதிராளிக்குக்கூடப் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வார்கள். அவள், "போங்க" என்றாள். அவ்வளவுதான். மறுபடி அவள் வத்தலை எடுத்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். அது நியாயம்தான்.

அந்த ஏட்டையாவின் விலாசம் கிடைத்திருக்கிறது, விளாத்திகுளம் பக்கம் இருக்கிறாராம். அடுத்து அவரிடம் போவேன். நடந்தது அத்தனையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். உன் உத்தியோகத்தில் அதை என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய். அப்பன் என்று பார்க்காதே. நீ பார்க்க மாட்டாய், உன் அம்மா வளர்த்த பிள்ளை. புத்திமதி என்று தனியாக ஒன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாய் சொன்னதுபோல் காக்கி என்றால் மண் என்றால், அதை உடுத்திக்கொண்டு நீ நிற்கப் போகும் மண்ணில் உனக்கு முன்னாலேயே நான் ஒரு தடம் பதித்துவிட்டேன். உன்னைப் பார்த்து ஒருவன் ஓடினால், அவன் உன்னைப் பார்த்துத்தான் ஓடுகிறானா என்று முதலில் யோசி. ஒருபோதும் சிரிக்காதே.

சட்டையைப் பரணிலிருந்து எடுத்துவிட்டேன். கையில் கொண்டுவருகிறேன். எல்லாம் தெரிந்த பிறகும் அது உனக்கு வேண்டுமென்றால் வாங்கிக்கொள், வேண்டாமென்றால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. மைதானத்தில் ஒரே உயரத்தில், ஒரே தொப்பியில், நூற்றுக்கணக்கில் காக்கி நிற்கும். கிழட்டுக் கண்ணுக்கு அதில் நீ எது என்று தெரியாது. தொண்டைக்கு இப்போது கொஞ்சம் பழகிவிட்டது. ஏட்டி பாப்பா என்று வீட்டுப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன், வெட்கப்படாதே. திரும்பிப் பார்.

அப்பா